கூடத்துக் கேமராவைக் கழற்றும் முன்

அப்பு,

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத வெளிச்சம். கிழக்கே சிறுமலை பாதிதான் இருக்கிறது, மீதியை மேகம் வாங்கிக்கொண்டுவிட்டது. ஊர் முழுக்கச் சாப்பிட்டுப் படுத்துவிட்டது போல ஓர் அமைதி. தூரத்தில் எங்கோ ஒரு பஸ் மட்டும் தூக்கத்தில் பேசுகிறவனைப் போல ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு அடங்கிவிட்டது. கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் எழுதுவதைக் கேமராவில் நீ பார்த்திருப்பாய். "என்னம்மா எழுதுற?" என்று கூரையிலிருந்து உன் குரல் வந்திருக்கும். நானும் "பரீட்சை பேப்பர்" என்று சொல்லி மூடி வைத்திருப்பேன்.

நேற்றுக் கூரியரில் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. சமையலறைக்கு இன்னொரு கேமரா. கேஸை அணைக்காமல் நான் மாடிக்கு வந்துவிட்ட அன்றைக்கே நீ அதை ஆர்டர் செய்திருக்கிறாய். நீ ஏற்பாடு செய்த ஆள் இன்று சாயங்காலம் வந்து மாட்டுவதாக இருந்தது. சற்று முன்னால் அவரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதை மட்டும் தெரிவிக்க ஒரு வரி போதும். ஆனால் தை மாதம் உனக்குக் கல்யாணம். ஒரு பெண்ணோடு ஒரே வீட்டில் வாழப்போகிறாய். ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைச் சரியாகச் சொல்லாவிட்டால், அம்மாவுக்கு வயதாகிறது, புதுசு என்றால் பயப்படுகிறாள் என்று நீயும் கீர்த்தனாவும் பேசிக்கொள்வீர்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. இதை எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் வாட்ஸப்புக்குத்தான் அனுப்பப் போகிறேன்.

கைபேசி வந்து உறவுகளைக் கெடுத்துவிட்டது என்று எங்கள் கல்லூரி விழாவில் யாராவது ஒருவர் தவறாமல் பேசுவார். பேசி முடித்துக் கீழே இறங்கியதும், தன் பேச்சை யார் வீடியோ எடுத்தது என்று தேடுவார். அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. உன் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தெருவில் குடியிருந்துகொண்டே வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. உன்னையும் என்னையும் எடுத்துக்கொண்டால், நீ விடுதியில் இருந்த காலத்தில் நம்மை நெருக்கமாக வைத்திருந்ததே போன்தான். சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடுவாய். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" உன் அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்ட அதே கேள்வி, அதே இழுவை. கத்திரிக்காய் என்பேன், வாழைப்பூ என்பேன். பாதி நாள் பொய். உன் அப்பா போன பிறகு, ஒருத்திக்காக அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை, மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். ஆனாலும் உனக்குச் சொல்வதற்காக மனதுக்குள் ஒரு பொரியலைத் தாளித்துவிடுவேன். கடுகு வெடிக்கும், கறிவேப்பிலை வாசனைகூட வரும். சில நாள் சொல்லி முடித்ததும் ஆசை வந்து, நிஜமாகவே போய்ச் செய்து சாப்பிட்டதும் உண்டு. அந்தப் பொய்யால் உனக்கு நிம்மதி, எனக்குக் காய்கறி.

கேமராவை நீ மாட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. பூட்டுக்குப் பேர்போன ஊரில், பட்டப்பகலில், நம் தெருவிலேயே ஒரு வீட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள். நான் கல்லூரிக்குப் போனால் வீடு சாயங்காலம் வரை தனியாகக் கிடக்கும். ஜெர்மனியிலிருந்து லீவில் வந்த நீயே ஏணி போட்டு ஏறி மாட்டினாய். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். முடித்ததும் உன் போனில் காட்டினாய். நம் கூடம் மீன்தொட்டி மாதிரி உருண்டிருந்தது. சுவர்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. நடுவில் குள்ளமாக ஒரு பெண் நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அகன்ற லென்ஸில் ஓரத்து நேர்கோடுகள் அப்படித்தான் வளையும் என்று, வகுப்பில் சொல்கிற பாடத்தையே உனக்கும் நடத்தினேன். அந்தப் பெண் நான்தான் என்று உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நீ என் குக்கர் விசிலை எண்ணுவாய். "நாலு ஆச்சும்மா, அணைச்சிரு. பருப்பு குழஞ்சிரும்." நான் பேப்பர் திருத்துவதை விட்டுவிட்டு எழுந்து ஓடுவேன். நீ டிராமில் வேலைக்குப் போகும்போது உன் சட்டைப்பைக்குள் நம் வீட்டுக் கூடமும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மின்விசிறி சுற்றியபடி, ஜன்னல் திரை அசைந்தபடி, நானும் ஒரு விரல் உயரத்தில் நடந்தபடி, பனி பெய்யும் ஊரில் போகிறேன். கண்ணை மூடினால் அந்த டிராமின் ஆட்டம்கூட எனக்குத் தெரியும். காய்ச்சலில் கூடத்துக் கட்டிலில் கிடந்தேனே, அன்றைக்கு மத்தியானம் "தண்ணி குடிம்மா" என்று ஒரு குரல் கேட்டது. உன் அப்பா என்றே நினைத்தேன். கூரையிலிருந்து ஏன் பேசுகிறார் என்று தோன்றவில்லை, பயமும் இல்லை. "வாரேன், இருங்க" என்று பதில் சொன்னேன். "எங்க வர்ற? எந்திரிக்காத, படு" என்றாய். அந்த அதட்டலில்தான் நீ என்று தெரிந்தது. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அன்று நீ அங்கே இருந்ததற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எப்போது மாறியது என்று சொல்ல முடியவில்லை. வெயில் முற்றத்திலிருந்து நகர்வதைப் போல நமக்குத் தெரியாமலேயே நகர்ந்துவிட்டது. ஒரு நாள் கூப்பிட்டபோது, "இன்னைக்கும் மோர்தானே, பாத்தேன். காய் ஏதாச்சும் செய்ம்மா" என்றாய். வெஞ்சனம் என்ன என்று அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. எதற்குக் கேட்பாய்? கல்லூரியிலிருந்து வர நேரமாகிவிட்டதும் தெரியும், பால்காரர் வராததும் தெரியும், நான் கண்ணாடியைத் தேடியதும் தெரியும். நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், "ஆமா, பாத்தேன்" என்பாய். சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிடும். நம் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நீ தலையாட்ட, நான் தலையாட்ட, "சரிம்மா வைக்கிறேன்" என்பதோடு நின்றது. உன் மேல் குறை சொல்லவில்லை. என்னை முன்பைவிட அதிகமாகத்தான் கவனித்துக்கொண்டிருந்தாய்.

பக்கத்து வீட்டு ராஜாத்தியை உனக்குத் தெரியும். நீ அத்தை என்று கூப்பிடுகிறவள், உனக்குச் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுத்தவள். சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டு டீ டம்ளரோடு வந்து, கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவில் நடந்ததெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் போவாள். கேமரா வந்த பிறகு அவள் காலை நீட்டுவதில்லை. "உங்க மவன் முழிச்சிருக்கானாக்கா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையை இழுத்துவிடுவாள். புருஷனைத் திட்டும்போது குரலைத் தணித்துத் திட்டினாள். ராஜாத்தி தணிந்த குரலில் திட்டி நான் கேட்டதே இல்லை, ருசியில்லாத திட்டு.

ஐப்பசி பிறந்ததும் அவள் மகள் திவ்யாவுக்குச் சாணார்பட்டிப் பக்கம் ஓர் இடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவரப் போகிறார்கள் என்று ஏற்பாடு. முதல் நாளே வந்துவிட்டாள்.

"நீங்களும் வாங்கக்கா. நான் போனா அவுக குடுக்கிற கேசரியைத் தின்னுட்டுத் தலையாட்டிட்டு வந்துருவேன். நீங்கதான் மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேப்பீக."

"உன் நாத்தனாரும் வர்றாளே ராஜாத்தி. நான் முன்னால வந்து நின்னா நல்லா இருக்காது."

"அட, சும்மா இருங்கக்கா. எம் மவளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது நீங்களா, எங்க மதினியா? உங்க வீட்டுல வந்து உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் படியிறங்குவேன். எவ என்ன சொல்றான்னு பாப்போம்."

உன் அப்பா இல்லாமல் ஆன பிறகு நல்ல காரியத்துக்கு என்னை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. நானும் போய் நின்றதில்லை. சகுனத்தை நம்பாதவள்தான், ஆனால் நம்புகிறவர்களின் முகம் மாறுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இருந்ததில்லை. அன்று கத்திரிப்பூ நிறப் பட்டை வெகுநாள் கழித்து எடுத்துக் கட்டினேன். ராஜாத்தி வந்தாள். அவள் நாத்தனார் வாசல் கேட்டுக்கு வெளியே கார் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கதவைத் திறந்து, ராஜாத்தி ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்ததும் கூரையிலிருந்து உன் குரல் வந்தது. தூக்கம் கலையாத, சந்தோஷமான குரல்.

"அம்மா! பட்டெல்லாம் கட்டியிருக்க! எங்க போற? அத்தை, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமா?" என்போம். நீயும் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். நேரில் நின்றிருந்தால் ராஜாத்தி தலையில் இருந்த பூவையும் கையில் இருந்த தட்டையும் பார்த்து வாயை மூடிக்கொண்டிருப்பாய். அங்கே உனக்கு வாசப்படி தெரியவில்லை. கதவு திறந்தது என்ற அறிவிப்பு மட்டும் தெரிந்தது.

ராஜாத்தி வைத்த காலை உள்ளே எடுத்தாள். கேட்டுக்கு வெளியே இருந்து அவள் நாத்தனார், தெருவுக்கே கேட்கும்படி, "நல்லா இருக்கு! படியில வச்சே எங்கன்னு கேட்டாச்சு. இந்த வீட்டு வழியா வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா நீ?" என்றாள். உன் கேள்வியை மட்டும் அவள் சொல்லவில்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ராஜாத்தி உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "செத்த நேரம் கழிச்சுக் கிளம்புவோம்க்கா" என்றாள். எனக்குத் தலை வலிக்கிறது, நீங்கள் போய்வாருங்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மேலே கேமராவைப் பார்த்தாள். "போயிட்டு வாரேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்தபடி போய்விட்டாள்.

நான் பட்டைக் கழற்றவில்லை. சோபாவில் உட்கார்ந்தவள், உச்சி வெயில் ஜன்னலில் ஏறுகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். "காலையில கிளம்பிட்டு அப்புறம் போகலையா? பாத்தேன், சோபாவுலயே உக்காந்துட்ட. நல்லதும்மா, சண்டே ரெஸ்ட் எடு."

"ம்" என்றேன். அப்பு, நீ எல்லாவற்றையும் பார்த்திருந்தாய். என் சேலையின் நிறம், நான் உட்கார்ந்த இடம், எவ்வளவு நேரம் என்பது எல்லாம். பார்த்துவிட்டதால் கேட்க ஒன்றும் மிச்சம் இல்லை என்று நினைத்துவிட்டாய். ஏன் போகலை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்று நான் உன்னிடம் அழுதிருப்பேன்.

அதற்குப் பிறகு ராஜாத்தி வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கும்போதெல்லாம் இப்போது வருவாள் என்று டீத்தூளை அளந்தேன். அந்த இடம் தட்டிப்போனால் அந்தப் பழி என் படியில்தான் வந்து உட்காரும். அதோடு இந்தத் தெருவில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதமும் போகும். எதையும் நிரூபித்துக் காட்டு என்று கேட்டே பழகிய நான், கதவோரம் நின்று, தட்டிப்போகக் கூடாது, தட்டிப்போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை. நீ அதையும் பார்த்திருப்பாய். கதவோரம் காற்று வாங்குகிறாள் என்று நினைத்திருப்பாய்.

இன்று மத்தியானம், மழைக்கு முன்னால் துணி எடுக்கலாம் என்று மேலே வந்தேன். அவளும் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்.

"என்னக்கா, இம்புட்டு இளைச்சுட்டீக?"

"நீ என்னைப் பார்த்து எம்புட்டு நாளாச்சு, அதைச் சொல்லு முதல்ல."

அவள் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "சாணார்பட்டிக்காரவுக சரின்னு சொல்லிட்டாகக்கா. போன வாரமே."

"எங்கிட்ட வந்து சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தோணாம? எத்தனை தரம் உங்க கேட்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்புனேன் தெரியுமா?"

"ஏன் திரும்புன? சகுனமா?"

"சகுனமாவது, மண்ணாவது! உள்ள அது முழிச்சுக்கிட்டுக் கெடக்கேக்கா. அன்னைக்கு எங்க மதினி பேசுன பேச்சுக்கு நான் உங்க கையைப் பிடிச்சு அழணும். உங்க மவன் பாத்துக்கிட்டு இருக்கையில எப்புடி அழுவேன்? அவன் பாட்டுக்கு மேல இருந்து, 'அத்தை, ஏன் அழுவுறீங்க?'ன்னு கேட்டு வச்சான்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். "போன்ல கூப்பிட்டிருக்கலாமே" என்றேன். "மன்னிப்பு கேக்குறதை யாராச்சும் போன்ல கேப்பாகளாக்கா?" என்றவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டாள். அவள் உடம்புக்கு அது சாதாரண காரியம் இல்லை. வந்து என் கையைப் பிடித்தாள். பிறகு இருவரும் இந்தத் தொட்டி நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் இறங்கிப்போன பிறகுதான் கேமரா ஆளைக் கூப்பிட்டேன், பேனாவை எடுத்தேன்.

அத்தனை நாளும் அவள் சகுனத்துக்குப் பயந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ, தான் அழுவதற்கு நான் ஓர் இடம் தரமாட்டேனா என்று காத்திருந்திருக்கிறாள். சுவரில் இருக்கிற ஒரு பிளக்கைப் பிடுங்க எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நீ பதறுவாய் என்ற ஒரே எண்ணம் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

கீர்த்தனாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன முறை வந்தபோது உன் போன் மேப்பில் ஒரு நீலப்புள்ளியைக் காட்டினாய். "இதாம்மா கீர்த்தனா. இப்ப பஸ்ல இருக்கா, பாரு, நகருது." தொப்பம்பட்டி ரோட்டில் அந்தப் புள்ளி மிதந்து போனது எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அவள் என்னோடு பேசும்போது, "ஏனுங்க அத்தை, நான் வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்னு அவருகிட்டச் சொல்ற வேலையே எனக்கில்லீங்க. அவருக்கு முன்னாலயே தெரிஞ்சிருதுங்க" என்று சிரித்தாள். குறை சொல்லும் பெண் இல்லை அவள். சிரிப்பு முடிந்ததும் அவள் சட்டென்று பேச்சை மாற்றியதை மட்டும் நான் கவனித்தேன். நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வருகிறவளுக்கு, வந்து சொல்வதற்கென்று ஒரு கை அளவு சேதியாவது மிச்சம் இருக்க வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள், கொஞ்சம் விட்டுச் சொல்வாள். அவள் எதைக் கூட்டினாள், எதை விட்டாள் என்பதில்தான் நீ அவளைத் தெரிந்துகொள்வாய். உன் அப்பாவை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் புள்ளியை நீயே அணைத்துவிடு. அவள் கேட்கும்வரை காத்திருக்காதே.

திருடனைப் பற்றிய உன் கவலை நியாயமானது. வேண்டுமானால் புதுக் கேமராவைக் கேட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்து மாட்டிக்கொள்வோம்; திருடன் அந்த வழியாகத்தான் வர வேண்டும். கேஸுக்கு, தானாக அணைகிற அடுப்பு ஒன்று வாங்கிக்கொள்கிறேன். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆள் வைத்துக் கூடத்துக் கேமராவைத் திரும்ப மாட்டி, "அப்பு, பார்த்துக்கிட்டே இரு" என்று சொல்லுவேன். அதுவரைக்கும் வேண்டாம்.

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது, தாள் நனைகிறது. இனி கீழே இறங்கி, இந்தப் பக்கங்களை உனக்கு அனுப்பிவிட்டு, ஏணியைப் போடுவேன். உன் போனில் நம் கூடம் சட்டென்று இருட்டாகிவிடும். எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பதில் அடித்து அனுப்பாதே, கூப்பிடு. ராஜாத்தி சுவரைத் தாண்டி வந்து சொன்னதில் ஒன்றை இங்கே எழுதவில்லை. அது உன்னைப் பற்றியது. அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் சரிந்துவிட்டது. என்ன சொன்னாள் என்று நீ கேட்டால்தான் சொல்லுவேன்.

உன் அம்மா